பழைய காருக்கு டிப் மாற்றுமுன் ஒரு கணக்கு



இந்தப் பக்கத்தில் வழக்கமாகச் சுகாதாரம், பிள்ளைகளின் படிப்பு, சேமிப்பு ஆகியவை பற்றிப் பேசுவோம். இம்முறை பழைய கார் ஒன்றின் பற்சக்கரம் பற்றிப் பேசப்போகிறோம். இதுவும் சேமிப்பு பற்றிய பாடம்தான். ஒரு குடும்பத்தின் சேமலாப நிதிப் பணம் எப்படி ஒரு கராஜில் கரைந்தது என்பதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

நம் தோட்டங்களில் பெரியவர்கள் ஓய்வு பெறும்போது ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் மொத்தமாகக் கைக்கு வரும். வீட்டில் வேலை தேடும் பையன் இருந்தால், "ஒரு பழைய கார் எடுத்துக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வான்" என்ற யோசனை வரும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களுக்கும் கிராக்கி கூடியது. 2022 இல் பெற்றோல் வரிசையில் நாள் கணக்கில் நின்றோம். அதன் பிறகு எல்லோருக்கும் ஒரே கேள்வி: "பெற்றோலை மிச்சம் பிடிக்க என்ன வழி?"

அப்படி ஒரு தம்பி மொரிஸ் மைனர் ஒன்று வாங்கினார். 948 சிசி எஞ்சின். கார் நல்ல கார். கொழும்புப் பக்கம் போனால் எஞ்சின் கத்துகிறது என்பது ஒன்றே அவர் குறை. கீழ்நாட்டில் ஒரு கராஜில், "டிப்பை மாற்றிப் போட்டால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், சத்தமும் குறையும், பெற்றோலும் மிச்சம்" என்று சொல்லியிருக்கிறார்கள். பழைய டிப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு, வேறொரு காரின் டிப்பைப் போட்டுக் கொடுத்தார்கள். மிச்சப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

தம்பி என்னிடம் வந்து சொன்னது இதுதான்: "ஐயா, அவிசாவளை வரைக்கும் சும்மா வழுக்கிக்கிட்டு போச்சு. திரும்பி வரும்போதுதான் தெரிஞ்சுச்சு. நம்ம தோட்டத்து மேட்டுல ஃபர்ஸ்ட் கியர்லயே திணறுது. அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வரயில, வளைவுல எல்லாரையும் எறக்கி நடக்க வச்சேன். அம்மாவும் எறங்கித்தான் நடந்தாங்க."

ஒரு மாதத்தில் கிளச் கருகியது. பழைய டிப்பைத் திருப்பிக் கேட்டால் அது விற்றுப் போய்விட்டது. மறுபடி ஒன்றைத் தேடி வாங்கிப் பூட்டியதில் அவருக்கு இரண்டு மடங்கு செலவு.

கராஜில் சொன்னது பொய் அல்ல. எஞ்சின் மெதுவாகச் சுற்றியது உண்மை, சத்தம் குறைந்ததும் உண்மை. ஆனால் பாதிக் கணக்கைத்தான் சொன்னார்கள். மீதிக் கணக்கைத்தான் இன்று படிக்கப் போகிறோம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

1. கியர் என்ன செய்கிறது?

கொழுந்து மூட்டையோடு மலையிலிருந்து ரோட்டுக்கு ஏறுவதை நினைத்துப் பாருங்கள். இரண்டு வழி இருக்கும். ஒன்று நெளிந்து நெளிந்து போகும் பாதை. நிறைய அடி வைக்க வேண்டும், ஆனால் ஒவ்வோர் அடியும் இலேசு. மற்றது நேரே ஏறும் குறுக்குப் பாதை. அடி குறைவு, ஆனால் ஒவ்வோர் அடிக்கும் மூச்சு வாங்கும். எந்த வழியில் போனாலும் மூட்டையின் பாரம் ஒன்றுதான், மலையின் உயரமும் ஒன்றுதான்.

கியரும் இப்படித்தான். எஞ்சின் பல தடவை சுற்றி, சில்லு ஒரு தடவை சுற்றினால் அது நெளிந்த பாதை. இழுவை அதிகம், வேகம் குறைவு. எஞ்சின் சில தடவை மட்டும் சுற்றி, சில்லு ஒரு தடவை சுற்றினால் அது குறுக்குப் பாதை. வேகம் அதிகம், இழுவை குறைவு.

தேயிலைத் தொழிற்சாலையிலும் இதைப் பார்க்கலாம். மோட்டர் விசையாகச் சுற்றுகிறது. கொழுந்து அரைக்கும் ரோலர் மெதுவாகத்தான் சுற்றுகிறது. நடுவில் உள்ள சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து, அந்த அளவுக்குப் பலத்தைக் கூட்டிக் கொடுக்கின்றன. கியர் புதிதாகப் பலத்தை உண்டாக்குவதில்லை. வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்கும், அல்லது பலத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் பாடத்தின் பாதி முடிந்தது.

2. மைனர் காரில் இரண்டு இடத்தில் கியர் உண்டு

மொரிஸ் மைனர் இங்கிலாந்தில் 1948 இல் வெளிவந்தது. அதை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். 1971 வரை செய்தார்கள். பத்து இலட்சத்துக்கு மேல் விற்ற முதலாவது பிரித்தானியக் கார் இதுதான். நம் நாட்டு வீதிகளில் இன்றும் ஓடுகிறது.

இதில் எஞ்சின் முன்னால் இருக்கிறது, இழுக்கும் சில்லு பின்னால் இருக்கிறது. எஞ்சினின் சுற்று முதலில் கியர் பொக்ஸுக்குள் போகிறது. அங்கிருந்து புரொப்பெலர் சாப்ட் என்ற நீண்ட தண்டு வழியாகப் பின் அச்சுக்கு வருகிறது. பின் அச்சின் நடுவில் குடம் போல் உப்பிய இடம் இருக்கிறதே, அதுதான் டிபரென்ஷல். கராஜில் சுருக்கமாக "டிப்" என்பார்கள். அதற்குள் பினியன் என்ற சிறிய பற்சக்கரமும் கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரமும் உண்டு. பினியன் கிரவுன் வீலைச் சுற்றுகிறது, கிரவுன் வீல் சில்லுகளைச் சுற்றுகிறது.

கியர் பொக்ஸில் ஃபர்ஸ்ட் கியரில் எஞ்சின் 3.63 தடவை சுற்றினால் தண்டு ஒரு தடவை சுற்றும். தேர்ட் கியரில் 1.41 தடவை. டொப் கியரில் எஞ்சினும் தண்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஒரு சுற்று, தண்டு ஒரு சுற்று.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "கியர் பொக்ஸுக்குள் பல்லை மாற்றினால் நீண்ட ஓட்டத்தில் எஞ்சின் மெதுவாகும்" என்று நினைக்கிறார்கள். மைனரில் அது நடக்காது. டொப் கியரில் வரும் பலம் எந்தப் பல் ஜோடி வழியாகவும் இறங்குவதில்லை, நேராகப் போகிறது. உள்ளே எந்தப் பல்லை மாற்றினாலும் டொப் கியரில் ஒரு வித்தியாசமும் வராது. நீண்ட ஓட்டத்தில் சுற்றைக் குறைக்க வேண்டுமானால் டிப்பைத்தான் மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது டொப் கியர் மட்டும் மாறாது. ஃபர்ஸ்ட் முதல் ரிவர்ஸ் வரை எல்லாக் கியரும் சேர்ந்து மாறும். தம்பி மாட்டிக்கொண்டது இதில்தான்.

3. டிப்பின் எண் என்றால் என்ன?

கிரவுன் வீலின் பல்லை பினியனின் பல்லால் வகுத்தால் வருவதே டிப்பின் எண். 948 சிசி மைனரில் கிரவுன் வீலுக்கு 41 பல், பினியனுக்கு 9 பல். 41 ஐ 9 ஆல் வகுத்தால் 4.556. தண்டு 4.556 தடவை சுற்றினால் சில்லு ஒரு தடவை சுற்றும் என்று பொருள்.

எண் பெரிதானால் நெளிந்த பாதை, இழுவை அதிகம். எண் சிறிதானால் குறுக்குப் பாதை, எஞ்சின் சுற்று குறைவு.

மைனர் செய்த கம்பனி எந்த எஞ்சினுக்கு எந்த டிப்பைக் கொடுத்தது என்று பாருங்கள்:

803 சிசி எஞ்சின் (1952 முதல் 1956 வரை), ஏறக்குறைய 30 குதிரைவலு: கடைசியாகக் கொடுத்த டிப் 5.375 (43 பல், 8 பல்).

948 சிசி எஞ்சின் (1956 முதல் 1962 வரை), ஏறக்குறைய 37 குதிரைவலு: டிப் 4.556 (41 பல், 9 பல்).

1098 சிசி எஞ்சின் (1962 முதல் 1971 வரை), ஏறக்குறைய 48 குதிரைவலு: டிப் 4.222 (38 பல், 9 பல்).

எஞ்சினின் பலம் கூடக் கூடத்தான் டிப்பின் எண்ணைக் குறைத்தார்கள். பலம் இல்லாத எஞ்சினுக்குப் பெரிய எண். பலம் உள்ள எஞ்சினுக்குச் சிறிய எண். கம்பனிக்காரர் கணக்குப் பார்த்துச் செய்ததை நாம் கணக்கில்லாமல் மாற்றக் கூடாது.

வேறு கார்களின் டிப்பும் மைனருக்கு வருவது உண்டு. வூல்ஸ்லி 1500, ரைலி 1.5 ஆகிய கார்கள் 1957 இல் வந்தவை, மைனரின் அடித்தளத்தை வைத்தே கட்டப்பட்டவை. அவற்றின் டிப் 3.727 (41 பல், 11 பல்). ஆனால் அவற்றில் இருந்தது 1489 சிசி எஞ்சின். பிற்கால எம்.ஜி. மிட்ஜெட் காரில் 3.9 டிப் (39 பல், 10 பல்) உண்டு. அது 1275 சிசி எஞ்சினுடன் இரண்டு பேர் மட்டும் போகும் கார். நம் தம்பியின் 948 சிசி எஞ்சினுக்குப் பூட்டியது அந்த 3.727 தான். 1489 சிசி எஞ்சின் சுமக்க வேண்டிய மூட்டையை 948 இன் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

4. எவ்வளவு இலாபம்?

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகம் என்பது நிமிடத்துக்கு 1,000 மீற்றர். மைனரின் சில்லு ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.8 மீற்றர் போகும். ஆகவே 1,000 ஐ 1.8 ஆல் வகுத்தால் சில்லு நிமிடத்துக்கு 556 சுற்று. இதை டிப்பின் எண்ணால் பெருக்கினால் டொப் கியரில் எஞ்சினின் சுற்று கிடைக்கும்.

5.375 டிப்: சுமார் 2,985 சுற்று
4.556 டிப்: சுமார் 2,530 சுற்று
4.222 டிப்: சுமார் 2,345 சுற்று
3.9 டிப்: சுமார் 2,165 சுற்று
3.727 டிப்: சுமார் 2,070 சுற்று

4.556 இலிருந்து 3.727 க்குப் போனால் நிமிடத்துக்கு 460 சுற்று குறைகிறது. காதுக்கு அது நன்றாகவே தெரியும். சம தரையில் நீண்ட தூரம் ஓடுபவருக்கு எஞ்சினின் தேய்மானமும் குறையும். பெற்றோலும் ஓரளவு மிச்சமாகலாம். இது வரவுப் பக்கம்.

5. எவ்வளவு நட்டம்?

இப்போது செலவுப் பக்கம். ஃபர்ஸ்ட் கியரின் 3.63 ஐ டிப்பின் எண்ணால் பெருக்குங்கள். மேட்டில் காரை இழுக்கும் மொத்த எண் அதுதான்.

4.556 டிப்: 16.5
4.222 டிப்: 15.3
3.9 டிப்: 14.2
3.727 டிப்: 13.5

16.5 இருந்த இடத்தில் 13.5. நூற்றுக்கு 18 பங்கு இழுவை போய்விட்டது. முன்பு 100 கிலோ பலத்தோடு இழுத்த கார் இப்போது 82 கிலோ பலத்தோடுதான் இழுக்கும். மைனரில் ஃபர்ஸ்ட் கியருக்குக் கீழே வேறு கியர் இல்லை. அது இழுக்காவிட்டால் டிரைவர் கிளச்சைப் பாதி மிதித்துக்கொண்டு எஞ்சினை உறுமவிட்டு ஏற்றுவார். கிளச் கருகுவது அதனால்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. ஹட்டனிலிருந்து வட்டவளை, கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்கும் வீதி உங்களுக்குத் தெரியும். நல்ல டிரைவர் கியரைக் குறைத்து எஞ்சின் பிடியில்தான் இறங்குவார். இழுவையில் எத்தனை பங்கு குறைந்ததோ, எஞ்சினின் பிடியிலும் குறைந்தது அத்தனை பங்கு குறையும். அந்த வேலையைப் பிரேக் செய்ய வேண்டிவரும். மைனரின் நான்கு சில்லிலும் இருப்பது டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். "பிரேக் கொஞ்சம் மிருதுவா போச்சு ஐயா" என்று தம்பியும் சொன்னார். மேட்டில் நின்றுபோன காரை அப்படியே நிறுத்திவைக்கலாம். இறக்கத்தில் பிடிக்காத காருக்கு மறு வாய்ப்பு கிடையாது.

மூன்றாவது நட்டம் ஸ்பீடோமீற்றர். மைனரில் அதன் கேபிள் கியர் பொக்ஸிலிருந்து போகிறது, டிப் மாறியது அதற்குத் தெரியாது. 4.556 ஐ எடுத்து 3.727 ஐப் போட்டால், முள் 50 காட்டும்போது கார் உண்மையில் 61 இல் போகும். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் 50 என்று நினைத்து 61 இல் போவதை நினைத்துப் பாருங்கள்.

நான்காவது, டொப் கியரில் திணறவிட்டு ஓட்டுவது. மெதுவாகச் சுற்றினால் எஞ்சினுக்கு எப்போதும் நல்லது என்ற எண்ணம் தவறு. சுமையோடு மெதுவாகச் சுற்றும் எஞ்சின் "டக் டக்" என்று தட்டும், சூடேறும், பெயாரிங்குகள் அடிபடும். மேட்டில் கியரைக் குறைக்க வேண்டும். அடிக்கடி தேர்ட் கியரிலேயே ஓட வேண்டி வந்தால் எஞ்சின் முன்பைவிட அதிகமாகவே சுற்றும். 3.727 டிப்போடு தேர்ட் கியரில் மொத்த எண் 5.26. அது பழைய 803 சிசி கார் டொப் கியரில் ஓடியதற்குக் கிட்டத்தட்டச் சமம். அப்புறம் பெற்றோல் எங்கே மிச்சம்?

6. உங்கள் காரில் இருப்பது எந்த டிப்?

எழுபது வயதை நெருங்கும் கார்களில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று புத்தகம் சொல்லாது. எண்ணித்தான் பார்க்க வேண்டும். டிப்பைக் கழற்றத் தேவையில்லை.

முதலில் காரைச் சம தரையில் நிறுத்துங்கள். முன் சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஒரு பின் சில்லை மட்டும் ஜெக் போட்டுத் தூக்குங்கள். ஜெக்கை மட்டும் நம்ப வேண்டாம். அச்சுக்குக் கீழே உறுதியான ஸ்டேண்ட் ஒன்றை வையுங்கள். மற்றப் பின் சில்லு தரையில் இருக்கட்டும். கியரை நியூட்ரலில் போடுங்கள். ஹேண்ட் பிரேக் பின் சில்லைப் பிடிப்பதால் அதை விட வேண்டும். அதனால்தான் முன் சில்லுக்குக் கட்டை மிக முக்கியம்.

டயரில் ஒரு சோக்குக் கோடு, தண்டில் ஒரு சோக்குக் கோடு போடுங்கள். ஒருவர் சில்லைக் கையால் மெதுவாக 20 சுற்றுச் சுற்றட்டும். இன்னொருவர் பக்கத்திலிருந்து டோர்ச் அடித்துத் தண்டின் சுற்றை எண்ணட்டும். யாரும் காருக்குக் கீழே உடம்பை நுழைக்கக் கூடாது.

ஒரு சில்லு தரையில் நிற்பதால், தூக்கிய சில்லு இரண்டு சுற்றுச் சுற்றினால் கிரவுன் வீல் ஒரு சுற்றுத்தான் சுற்றும். ஆகவே 20 சுற்று என்பது கிரவுன் வீலின் 10 சுற்று. தண்டின் எண்ணிக்கையை 10 ஆல் வகுத்தால் டிப்பின் எண். தண்டு ஏறக்குறைய 53¾ சுற்றினால் 5.375. 45½ என்றால் 4.556. 42¼ என்றால் 4.222. 39 என்றால் 3.9. 37¼ என்றால் 3.727.

பழைய கார் வாங்கப் போகும்போதும் இதைச் செய்து பாருங்கள். கால் மணித்தியால வேலை. விற்பவர் வேண்டாம் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

7. வேறு வழிகள்

வொக்ஸ்வேகன் பீட்டில் காரில் அமைப்பு வேறு. அதன் நாலாவது கியர் நேர்ப்பூட்டு இல்லை, பல் ஜோடி வழியாகவே போகிறது. 1960களின் காரில் அந்த எண் 0.89. அதை எடுத்து 0.82 பல் ஜோடியைப் போட்டால் நாலாவது கியரில் மட்டும் சுற்று நூற்றுக்கு 8 குறையும். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் அப்படியே இருக்கும். மேட்டுக்குப் பாதகம் இல்லை. ஆனால் முழுப் பெட்டியையும் பிரித்து, அளவு பார்த்துப் பூட்ட வேண்டும். இது பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

மைனருக்கும் இப்படி ஒரு வழி உண்டு. இங்கிலாந்தில் பலர் போர்ட் சியரா காரின் ஐந்து கியர் பெட்டியைப் பூட்டுகிறார்கள். அதன் ஃபர்ஸ்ட் கியர் 3.65, நாலாவது நேர்ப்பூட்டு, ஐந்தாவது 0.82. 4.556 டிப்பை மாற்றாமலேயே ஐந்தாவது கியரில் மொத்த எண் 3.74 ஆகிவிடும். மேட்டுக்குப் பழைய ஃபர்ஸ்ட் கியர், சம தரைக்குப் புதிய ஐந்தாவது கியர். இரண்டு பக்கமும் இலாபம்தான். ஆனால் எஞ்சினோடு பொருத்த இடைத் துண்டு வேண்டும், தாங்கி மாற்ற வேண்டும், தண்டின் நீளம் மாற்ற வேண்டும். செலவு டிப்பைவிடப் பல மடங்கு. பிழைப்புக்குக் கார் வைத்திருப்பவருக்கு இது கட்டுப்படியாகுமா என்று பேப்பரில் எழுதிப் பார்க்க வேண்டும்.

8. பணம் செலவழிக்குமுன்

சத்தமும் பெற்றோலும் டிப்பால்தான் கூடுகின்றன என்று முடிவு செய்யுமுன் இவற்றைப் பாருங்கள்.

டயர் சரியான அளவா? சிறிய டயர் போட்டு ஒரு சுற்றுக்கு 1.7 மீற்றர்தான் போகிறது என்றால், 60 இல் எஞ்சின் சுமார் 150 சுற்று அதிகமாகச் சுற்றும். சோக்குக் கோடு போட்டு, காரைத் தள்ளி, ஒரு சுற்றின் தூரத்தை நாடாவால் அளந்து பாருங்கள்.

பிரேக் ஏதாவது ஒரு சில்லில் ஒட்டிப் பிடிக்கிறதா? ஓடி வந்ததும் டிரம்மின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் எது அதிகமாகச் சூடு என்று தெரியும். தொட வேண்டாம்.

டெப்பெட் இடைவெளி 0.012 அங்குலம் இருக்கிறதா? பொயின்ட் இடைவெளி 0.015 அங்குலம் இருக்கிறதா? எஸ்.யூ. காபரேட்டர் சரியாக டியூன் செய்யப்பட்டதா? சைலன்சரில் ஓட்டை, தேய்ந்த எஞ்சின் ரப்பர் இவையும் சத்தம் தரும். பின் அச்சு "ஹும்" என்று முனகினால் டிப்பின் ஒயிலைப் பாருங்கள். டிப்புக்கு ஊற்ற வேண்டியது 90 நம்பர் ஹைப்பொயிட் கியர் ஒயில்.

இவற்றைச் சரி செய்தாலே பல கார்களின் குறை தீர்ந்துவிடும்.

9. மாற்றத்தான் வேண்டும் என்றால்

யார் மாற்றலாம்? 1098 சிசி எஞ்சின் நல்ல நிலையில் இருந்து, ஓட்டம் பெரும்பாலும் கொழும்பு, குருநாகல் போன்ற சம தரையில் என்றால் 3.9 டிப்பைப் பற்றி யோசிக்கலாம். 948 காருக்கு 4.222 வரை போகலாம். ஃபர்ஸ்ட் கியரில் நூற்றுக்கு 7 பங்கு இழுவை குறையும் என்பதை ஏற்றுக்கொண்டே போக வேண்டும். தினமும் தோட்டத்து மேட்டில் நாலு பேரோடும் மரக்கறி மூட்டையோடும் ஏறும் கார் என்றால் தொடாமல் விடுவதே புத்தி. மலைக் காருக்கு மலை டிப்தான் அழகு.

மாற்றும்போது:

கிரவுன் வீலும் பினியனும் ஒன்றாகத் தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி. ஒன்றில் ஒரு காரும் மற்றதில் ஒரு காரும் சேரக் கூடாது. பூட்டிய தலையை முழுதாக வாங்குவதே நல்லது.

வாங்குமுன் பல்லை எண்ணுங்கள். பல் உடைவு, தேய்வு, துரு இருக்கிறதா என்று பாருங்கள். பினியனைக் கையால் ஆட்டிப் பார்த்து எவ்வளவு ஆட்டம் என்று கேளுங்கள்.

பூட்டிய பின் புதிய ஒயில் ஊற்ற வேண்டும். ஸ்பீடோமீற்றரையும் திருத்திக்கொள்ள வேண்டும். கிலோமீற்றர்க் கல்லை வைத்துப் பரீட்சை பண்ணலாம். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 60 வினாடி எடுத்தால் வேகம் மணிக்கு 60 கிலோமீற்றர். ஒருவர் ஓட்ட, மற்றவர் நேரம் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய டிப்பைக் கராஜில் விட்டு வராதீர்கள். துணியில் சுற்றி, ஒயில் பூசி, வீட்டுக்குக் கொண்டு வந்து வையுங்கள். ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு விற்பதா வைப்பதா என்று முடிவு செய்யலாம். நம் தம்பி இதைச் செய்திருந்தால் இரண்டாவது செலவில் பாதி மிச்சமாகியிருக்கும்.

பயிற்சி

வீட்டில் படிக்கும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

1. ஒரு மைனரின் பின் சில்லு ஒன்றை மேலே சொன்னபடி 20 சுற்றுச் சுற்றியபோது தண்டு 45½ சுற்றுச் சுற்றியது. டிப்பின் எண் என்ன? மணிக்கு 40 கிலோமீற்றரில், டொப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று?

2. 4.556 டிப்பை எடுத்து 4.222 போட்டார்கள். ஸ்பீடோமீற்றரைத் திருத்தவில்லை. முள் 40 காட்டும்போது உண்மை வேகம் என்ன?

3. ஒருவர் 948 காரின் கியர் பொக்ஸுக்குள் செகண்ட் கியரின் பல்லை மாற்றினால், டொப் கியரில் கார் ஓடும்போது எஞ்சினின் சுற்று குறையுமா?

விடைகள்: 1. ஏறக்குறைய 4.55, அதாவது 41க்கு 9 பல்; சுமார் 1,690 சுற்று. 2. சுமார் 43. 3. குறையாது, டொப் கியர் நேர்ப்பூட்டு.

தம்பியின் கார் இப்போது பழைய 4.556 டிப்போடு ஓடுகிறது. கொழும்புப் பக்கம் போனால் எஞ்சின் கத்தத்தான் செய்கிறது. "கத்தினா கத்தட்டும் ஐயா, அம்மா எறங்கி நடக்காம வீடு வரைக்கும் வர்றாங்க" என்றார். அவர் பட்ட செலவு மற்றவர்களுக்குப் பாடமாகட்டும் என்று, எழுதச் சொன்னவரும் அவரே.

கார் வாங்கவோ மாற்றவோ நினைக்கும் குடும்பங்கள், கராஜுக்குப் போகுமுன் ஒரு பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நலன்புரி அறைக்கு வாருங்கள். சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.